டிவிக்குக் கீழே ஒரு சத்தமில்லாத கணினி

மேசைக்கு அடியில் கிடக்கும் கணினி இரைந்துகொண்டிருந்தால் யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. கை வேலையில் இருக்கும். காது தானாக ஒதுங்கிக்கொள்ளும். அதே கணினியை டிவிக்குப் பக்கத்தில் வைத்துப் படம் போட்டால் கதையே வேறு. ஒழுங்காக ஒலிக்கலவை செய்யப்பட்ட படத்தில் வசனத்துக்கும் மெல்லிய ஓசைகளுக்கும் நடுவே 30 டெசிபல் இடைவெளி சாதாரணமாக இருக்கும். வசனம் 60 டெசிபலில் கேட்கிறது என்றால், தூரத்து மழையும், இருட்டில் யாரோ மூச்சு வாங்குவதும் 30 டெசிபலுக்குப் பக்கத்தில் வரும். கணினி 38 டெசிபலில் இரைந்தால் அவையெல்லாம் அதற்குள் அமுங்கிப்போகும். ஒலிக்கலைஞர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்து செதுக்கியதைக் கேட்காமலேயே படத்தை முடித்துவிடுவோம்.

சத்தமில்லாத கணினி வேண்டும் என்று விசாரித்தால் முதலில் வந்து நிற்பது விலை கூடிய விசிறி, கேபினெட்டின் உள்பக்கம் ஒட்டும் ஃபோம் தகடு, வாட்டர் கூலிங் ஆகிய மூன்றும்தான். மூன்றுமே பிறந்துவிட்ட சத்தத்தையோ வெப்பத்தையோ சமாளிக்கும் வழிகள். கையில் குறைந்த பணம் வைத்திருப்பவர் அங்கிருந்து தொடங்கவே கூடாது என்பது என் கருத்து. கணினியில் இரைவது விசிறி. விசிறி சுற்றுவது வெப்பத்தை வெளியேற்ற. கணினிக்குள் போகும் மின்சாரமோ கிட்டத்தட்ட முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது: 100 வாட் உள்ளே போனால் 100 வாட் வெப்பம். ஆகவே குறைந்த வாட் கேட்கும் கணினியைத் தேர்ந்தெடுத்துவிட்டால் சத்தத்தின் வேரையே வெட்டியதாகிவிடும். அப்படிப்பட்ட கணினிகள் விலையும் குறைவு. அமைதியும் சிக்கனமும் ஒரே பாதையில் போகும் அபூர்வமான இடம் இது. வரிசையை மாற்றிப் பிடித்தால்தான் காசு கரைகிறது.

முதலில் ஒலியின் கணக்கைப் பார்த்துவிடுவோம். டெசிபல் ஒரு மடக்கை அளவு. ஒரே அளவு இரைச்சல் உள்ள இரண்டு விசிறிகள் சேர்ந்தால் 3 டெசிபல்தான் கூடும். 10 டெசிபல் கூடினால்தான் காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தமாகப் படும். 40 டெசிபல் விசிறி ஒன்றும் 30 டெசிபல் விசிறி ஒன்றும் ஒரே கேபினெட்டில் சுற்றினால் மொத்தம் 40.4. சின்னதைக் கழற்றி வெளியே போட்டாலும் வித்தியாசம் தெரியாது. பெரியதை 30க்கு இறக்கினால் மொத்தம் 33 ஆகிவிடும். அந்த மாற்றத்தை அடுத்த அறையில் இருப்பவர்கூடச் சொல்லிவிடுவார். கண்ணில் பட்ட விசிறியையெல்லாம் மாற்றுவதற்கு முன் அதிகமாக இரைவது எது என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை.

அதற்குக் கருவி எதுவும் வேண்டாம். இரவில் சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். கேபினெட்டின் பக்க மூடியைக் கழற்றிவிட்டு, ஒரு விசிறியின் நடுக்குமிழை மட்டும் பென்சிலின் ரப்பர் முனையால் மெல்ல அழுத்தி இரண்டு மூன்று விநாடி நிறுத்திப் பாருங்கள். இறக்கையில் படக் கூடாது. குமிழின் மையத்தில் பட வேண்டும். இரைச்சல் சட்டென்று இறங்கினால் ஆள் அகப்பட்டுவிட்டது. இறங்கவில்லை என்றால் அடுத்த விசிறி. கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள் மட்டும் எதையும் நுழைக்க வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். அதன் வாயருகே ஒரு காகிதத்தைச் சுருட்டிக் குழாயாக்கிக் காதில் வைத்துக் கேட்டால் போதும், அது இரைகிறதா என்று தெரிந்துவிடும்.

டெசிபல் எண் ஒன்றே முழு உண்மையையும் சொல்லாது. நம் காது எல்லாச் சுருதியையும் ஒரே மாதிரி கேட்பதில்லை. 1933இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் இதை அளந்து வரைபடமாக்கினார்கள். தாழ்ந்த ஒலிகளுக்குக் காது மந்தம். 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை மிகக் கூர்மை. செவித்துளையே இதற்கு ஒரு காரணம். ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள, ஒரு பக்கம் செவிப்பறையால் அடைபட்ட குழாய் அது. அப்படிப்பட்ட குழாய் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டித் தானாகவே அதிர்ந்து அந்த ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும். சின்ன விசிறியின் கீச்சுக் குரல் பெரிய விசிறியின் காற்றோசையைவிட எரிச்சலூட்டுவது இதனால்தான். ஒரே சுருதியில் நீளும் ஒலியைக் காது பிரித்தெடுத்துப் பிடித்துக்கொள்ளும். பரவலான காற்றோசையைச் சில நிமிடங்களில் விட்டுவிடும்.

இனி விசிறி. எவ்வளவு காற்று வேண்டும் என்று ஒரு கணக்குப் போடலாம். ஒரு கனமீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிலோ, ஒரு கிலோ காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 1,000 ஜூல் வேண்டும். 60 வாட் வெப்பத்தை, உள்ளே வரும் காற்றைவிட வெளியேறும் காற்று 10 டிகிரி மட்டும் கூடுதலாகச் சூடாகிற அளவுக்குள் அகற்ற வேண்டுமானால், விநாடிக்கு 5 லிட்டர் காற்று நகர்ந்தால் போதும். 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்று மிக மெதுவாகச் சுற்றியே இதைச் செய்துவிடும். மூன்று விசிறி, ஐந்து விசிறி என்று வரிசையாக விளக்கோடு பொருத்தி விற்கும் கேபினெட்டுகள் படம் பார்க்கும் கணினிக்குத் தேவையே இல்லை.

மெதுவாகச் சுற்றுவதன் பலன் நினைப்பதைவிடப் பெரிது. வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும். ஆனால் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபல் இறங்கும். விட்டத்தைக் கூட்டினால் இன்னொரு லாபம்: ஒரே வேகத்தில் காற்றின் அளவு விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 80 மில்லிமீட்டர் விசிறி நிமிடத்துக்கு 2,000 சுற்றுச் சுற்றித் தள்ளும் காற்றை, 120 மில்லிமீட்டர் விசிறி 600 சுற்றில் தள்ளிவிடும். விசிறிகளுக்கான பொது விதிகளின்படி இந்த மாற்றத்தில் சத்தம் 14 டெசிபல் அளவுக்குக் குறைய வேண்டும். பழைய கேபினெட்டின் பின்பக்கத்தில் 80 மில்லிமீட்டர் துளைதான் இருக்கிறது என்றால் அதில் விலை உயர்ந்த விசிறியைப் போட்டு முயல்வதைவிட, 120 மில்லிமீட்டர் துளை உள்ள சாதாரணக் கேபினெட்டுக்கு மாறுவது புத்திசாலித்தனம்.

இறக்கைக்கு ஒட்டினாற்போல் இருக்கும் தகரச் சல்லடையும் ஒரு வில்லன். இறக்கையிலிருந்து வரும் காற்று அந்தத் துளைகளின் விளிம்பில் மோதிச் சுழல்களாக உடைகிறது. அந்த உடைவுதான் காதுக்கு இரைச்சல். 7 இறக்கை உள்ள விசிறி நிமிடத்துக்கு 1,200 சுற்று ஓடினால் சல்லடையின் ஒவ்வொரு இடத்தையும் விநாடிக்கு 140 முறை இறக்கை கடக்கும். அந்த 140 ஹெர்ட்ஸ் மெல்லிய ரீங்காரமாகக் கேட்கும். விசிறிக்கும் சல்லடைக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் இடைவெளி கிடைக்குமாறு சின்ன ரப்பர் துண்டுகளை வைத்துப் பொருத்தினால் ரீங்காரம் நன்றாகவே அடங்கும். இதற்கு ஆகும் செலவு பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு.

விசிறி வாங்கும்போது நான்கு கம்பி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். நான்காவது கம்பி வழியாக மதர்போர்டு மின்துடிப்புகளை அனுப்பி வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. அந்தத் துடிப்பு விநாடிக்கு 25,000 முறை வரும்படி தரம் வகுத்திருக்கிறார்கள். மனிதக் காதுக்கு எட்டும் எல்லை 20,000 ஹெர்ட்ஸ். கட்டுப்பாட்டின் ஓசையே கேட்டுவிடக் கூடாது என்று எல்லைக்கு மேலே வைத்திருக்கிறார்கள்.

இதெல்லாம் வெப்பம் பிறந்த பிறகு செய்வது. பிறக்காமலே தடுப்பதில்தான் உண்மையான விஷயம் இருக்கிறது.

4கே படம் ஒன்றைச் சுருக்காமல் அப்படியே அனுப்பினால் என்ன ஆகும்? ஒரு சட்டகத்தில் 83 லட்சம் புள்ளிகள். விநாடிக்கு 24 சட்டகம். புள்ளிக்குச் சராசரி 15 பிட். விநாடிக்கு ஏறத்தாழ 3 கிகாபிட் வருகிறது. இணையத்தில் நாம் பார்க்கும் 4கே படம் விநாடிக்கு 15 முதல் 25 மெகாபிட்டில் வந்து சேர்கிறது. நூறில் ஒரு பங்கைவிடக் குறைவு. முந்தைய சட்டகத்தில் இருந்ததை மீண்டும் அனுப்பாமல், எந்தக் கட்டம் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்ற குறிப்பை மட்டும் அனுப்புவதால் இந்தச் சுருக்கம் சாத்தியமாகிறது. 2003இல் வந்த ஹெச்.264, 2013இல் வந்த ஹெச்இவிசி, 2018இல் வந்த ஏவி1 எல்லாம் இந்தக் கலையின் படிப்படியான தேர்ச்சிகள். ஒவ்வொரு படியிலும் கோப்பு சிறிதாகிறது. அதை விரிக்கும் வேலை கடினமாகிறது.

விரிக்கும் வேலையை யார் செய்கிறார்கள் என்பதில்தான் சத்தத்தின் தலைவிதி இருக்கிறது. பிராசஸரின் பொதுக் கருக்கள் (கோர்கள்) செய்யலாம். அல்லது அதே சிலிக்கான் துண்டின் ஓரத்தில், வீடியோ விரிப்பதற்கென்றே செதுக்கப்பட்ட தனிச் சுற்று செய்யலாம். பொதுக் கரு எந்த வேலையையும் செய்யத் தெரிந்தது. அதற்காகவே ஒவ்வொரு சிறு கூட்டலுக்கும் கட்டளையைக் கொண்டுவருவது, புரிந்துகொள்வது, தரவை இடம் மாற்றுவது என்று ஏராளமான மின்சாரத்தைச் செலவிடுகிறது. கூட்டல் நடக்கும் செலவு அந்த மொத்தத்தில் ஒரு துளி. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2010இல் ஹெச்.264 சுருக்கும் வேலையையே எடுத்துக்கொண்டு இதை அளந்தார்கள். பொது பிராசஸரில் ஓடும் அதே வேலையைத் தனிச் சுற்று 500 மடங்கு குறைந்த ஆற்றலில் முடித்தது. அவர்கள் அளந்தது சுருக்குவதை. விரிப்பதற்கும் காரணம் அதேதான்.

நடைமுறையில் இதை நேராகவே பார்க்கலாம். இன்டெலின் ஆறாம் தலைமுறை பிராசஸர் உள்ள கணினியில் நிறத்தை 10 பிட்டில் குறிக்கும் ஹெச்இவிசி 4கே படம் ஒன்றைப் போடுங்கள். அந்தத் தலைமுறையின் தனிச் சுற்றுக்கு 8 பிட் ஹெச்இவிசிதான் முழுமையாகத் தெரியும். 10 பிட் வந்ததும் வேலை பொதுக் கருக்களின் தலையில் விழும். நான்கு கருவும் திணறும். ஒரு நிமிடத்தில் விசிறி எழுந்து அலறத் தொடங்கும். அதே படத்தை ஏழாம் தலைமுறைக் கணினியில் போட்டால் பிராசஸர் பயன்பாடு நூற்றுக்குப் பத்தைத் தாண்டாமல் கிடக்கும்; விசிறி திரும்பியும் பார்க்காது. இரண்டு கணினிக்கும் ஒரே கேபினெட், ஒரே விசிறி, அருகருகே நிற்கும் விலை. ஒரே ஒரு தலைமுறைதான் வித்தியாசம். எந்த ஃபோம் தகடும் இந்த வித்தியாசத்தைக் கொடுக்க முடியாது.

பழைய கணினி வாங்கப் போகும்போது பிராசஸர் பெயரில் இரண்டு இடத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டால் போதும். ஐ5-6500டி என்றால் முதல் எண்ணான 6 தலைமுறையைச் சொல்கிறது. ஐ5-7500டி என்றால் ஏழு. கடைசியில் உள்ள டி என்ற எழுத்து, 35 வாட்டுக்குள் அடங்கும்படி வேகம் மட்டுப்படுத்தப்பட்டது என்று பொருள். எழுத்தே இல்லாத ஐ5-7500 என்றால் 65 வாட். ஏழாம் தலைமுறை, எட்டாம் தலைமுறை, டி. இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொண்டு சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊரில் பழைய அலுவலகக் கணினி விற்பவரிடமோ கேளுங்கள். லெனோவோ திங்க்சென்டர் டைனி, டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, ஹெச்பி எலைட்டெஸ்க் மினி என்று, தடித்த புத்தகம் அளவுக்கே இருக்கும் பெட்டிகள் அவை. லேப்டாப்புக்கு இருப்பதுபோல் வெளியே தனி அடாப்டர் இருப்பதால் எஸ்எம்பிஎஸ் விசிறி என்ற ஒன்றே கிடையாது.

ஏழாம் தலைமுறைக்கு இன்று ஒரு கூடுதல் சாதகம் உண்டு. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏற்கும். அதனால் அலுவலகங்களுக்கு ஏழாம் தலைமுறை வேண்டாதது ஆகிவிட்டது. லினக்ஸ் போட்டுப் படம் பார்க்கும் நமக்கு அதனால் எந்த நட்டமும் இல்லை. நல்ல பொருள் குப்பைக்குப் போகாமல் நம் வீட்டுக்கு வருவதும் ஒரு நிறைவுதான்.

ஏவி1 மட்டும் இவற்றுக்கு எட்டாது. இன்டெலில் பதினோராம் தலைமுறையிலிருந்துதான் அதற்கான தனிச் சுற்று வந்தது. யூடியூபில் 4கே பார்ப்பதே முக்கிய வேலை என்பவர்களுக்கும், புதியதாகத்தான் வாங்குவேன் என்பவர்களுக்கும் 2023இல் வந்த என்100 பிராசஸர் உள்ள மினி கணினி பொருத்தம். நான்கு கரு, 6 வாட் வரம்பு, ஏவி1 உட்பட எல்லாவற்றுக்கும் தனிச் சுற்று. 2004இல் வந்த சில பென்டியம் 4 பிராசஸர்கள் 115 வாட் கேட்டன என்பதை நினைத்தால் இந்த 6 வாட்டின் அருமை புரியும். ராஸ்பெர்ரி பை 5 என்ற சிறிய கணினியைச் சிலர் பரிந்துரைப்பார்கள். ஹெச்இவிசிக்கு அதில் தனிச் சுற்று உண்டு, ஏவி1க்கு இல்லை. அடாப்டர், பெட்டி, மெமரி கார்டு என்று சேர்த்துப் பார்த்தால் விலையும் பெரிதாகக் குறையாது. நான் என்100 பக்கம்தான் சாய்வேன்.

கரண்ட் பில்லிலும் இது தெரியும். 60 வாட் இழுக்கும் பழைய டவர் கணினியை இரவும் பகலும் அணைக்காமல் விட்டால் இரண்டு மாதத்துக்கு 86 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பெரும்பகுதியை அது ஒன்றே தின்றுவிடும். 10 வாட் கணினி 14 யூனிட்டோடு நின்றுவிடும்.

வாங்கியதும் காசில்லாமல் செய்யக்கூடிய ஒரு காரியம் இருக்கிறது. சிப்பு ஒன்று உண்ணும் மின்திறன் அதன் வேகத்துக்கு ஏற்பவும், மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பவும் கூடும். வேகத்தைக் கூட்டினால் அழுத்தத்தையும் கூட்டியாக வேண்டும். இரண்டையும் பத்து சதவீதம் குறைத்தால் மின்திறன் 27 சதவீதம் குறையும். டர்போ என்ற பெயரில் பிராசஸர் சில விநாடிகளுக்குத் தாவும் அதிவேகம்தான் அதிக அழுத்தத்தில் நடக்கிறது. மெனு ஒன்றைத் திறந்த மாத்திரத்தில் விசிறி ஒருமுறை உறுமி அடங்குவது அதனால்தான். கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்பில் டர்போவை அணைத்துவிடுங்கள். விண்டோஸ் என்றால் பவர் அமைப்பில் அதிகபட்ச பிராசஸர் நிலையை 100இலிருந்து 99 ஆக்கினாலும் டர்போ நின்றுவிடும். படம் ஓடுவதில் ஒரு குறையும் தெரியாது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். அமைதியான கணினி பற்றிய அறிவுரைகளில் பெரும்பகுதி குளிர்நாடுகளில் பிறந்தது. அங்கே இரவில் கூடத்தில் காற்று அசையாது. 15 டெசிபல், 20 டெசிபல் என்று அவர்கள் துரத்துவதில் பொருள் உண்டு. நம் கூடத்தில் தலைக்கு மேல் சீலிங் ஃபேன் சுற்றுகிறது. முழு வேகத்தில் அது எளிதாக 45, 50 டெசிபலைத் தொடும். ஓர் ஒலி இன்னோர் ஒலியைக் காதிலிருந்து மறைப்பதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது: தன் சுருதியை ஒட்டியுள்ள ஒலிகளையும் தனக்குச் சற்று மேலே உள்ளவற்றையும்தான் அது நன்றாக மூடும். சீலிங் ஃபேனின் ஓசை தாழ்ந்தது, அகலமானது. கணினி விசிறியின் மெல்லிய காற்றோசை அதற்குள் முழுதாகக் கரைந்துவிடும். 3,000 ஹெர்ட்ஸில் வரும் கீச்சொலி கரையாது. பேரிங் தேய்ந்த விசிறியின் கிறுகிறுப்பும் சரி, மதர்போர்டிலோ அடாப்டரிலோ உள்ள கம்பிச்சுருள் அதிர்வதால் வரும் ஊசிச் சத்தமும் சரி, ஃபேனையும் தாண்டி வந்து குத்தும். ஆகவே நம் வீட்டுக் கணக்கு வேறு. கேட்கும் இடத்தில் 25 டெசிபல் இருந்தால் தாராளமாகப் போதும். 15க்காகப் பணத்தைக் கொட்ட வேண்டாம். கீச்சொலி எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்வதில்தான் கவனம் முழுவதும் போக வேண்டும். ஏசி போட்ட படுக்கையறையில் ஃபேனை நிறுத்திவிட்டுப் படம் பார்ப்பவருக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது.

வெயில் இன்னொன்று. மே மாதப் பிற்பகலில் அறையே 36 டிகிரியில் இருக்கும்போது பிராசஸர் 70 டிகிரியைக் காட்டினால் பயப்பட ஏதுமில்லை. இன்டெல் பிராசஸர்கள் பெரும்பாலும் 100 டிகிரியை நெருங்கும்போதுதான் தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். ஆனால் பல மதர்போர்டுகளில் விசிறியின் வேகத்தை 50 டிகிரியிலேயே ஏற்றத் தொடங்கும்படி அமைத்து அனுப்பியிருப்பார்கள்; குளிர்ந்த அறையை மனத்தில் வைத்த கணக்கு அது. பயாஸில் போய் 65 டிகிரி வரை விசிறி ஒரே குறைந்த வேகத்தில் ஓடட்டும், அதன் பிறகு மெல்ல ஏறட்டும் என்று மாற்றுங்கள். ஏறி இறங்கும் சத்தம் நிலையான சத்தத்தைவிட அதிகம் தொந்தரவு செய்யும். மாற்றத்தைப் பிடிப்பதற்கென்றே அமைந்தது நம் செவி.

விசிறியே இல்லாத என்100 பெட்டியும் கிடைக்கிறது. சும்மா நிற்கும் காற்றில் ஒரு சதுரமீட்டர் பரப்பு, ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் ஏறத்தாழ 8 வாட்டை உதறும். 10 வாட்டை 25 டிகிரி வித்தியாசத்தில் உதற 500 சதுர சென்டிமீட்டர் உலோகப் பரப்பு வேண்டும். ஓர் ஏ4 தாளைவிடக் கொஞ்சம் சிறியது. அலுமினியப் பெட்டியின் மேல் வரிவரியாக உள்ள தகடுகள் அந்தப் பரப்பைத் தாராளமாகவே கொடுக்கும். ஆனால் இது திறந்த காற்றில் போடும் கணக்கு. கண்ணாடிக் கதவு போட்ட டிவி ஷோகேஸுக்குள் அதை வைத்து மூடினால் உள்ளே இருக்கும் காற்றே 50 டிகிரியை எட்டிவிடும், கணக்கு கவிழ்ந்துவிடும். பின்பலகையில் கையளவு துளை ஒன்றைப் போட்டு, மேல்தட்டில் ஓர் இடுக்கும் விட்டால் சூடான காற்று தானே மேலேறிப் போகும். தச்சரிடம் அரைமணி நேர வேலை.

ஹார்டு டிஸ்க் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். 7,200 சுற்று டிஸ்க் விநாடிக்கு 120 முறை சுழல்கிறது. கையில் பிடித்தால் அதன் 120 ஹெர்ட்ஸ் அதிர்வு தெரியும், சத்தம் அவ்வளவாகத் தெரியாது. அதையே மரத்தாலான டிவி ஸ்டாண்டின் மீது இறுக்கமாக வைத்தால் அறை முழுக்க உறுமும். தம்புராவின் தந்தி தனியாக முணுமுணுக்கத்தான் செய்யும்; குடம்தான் அதை அரங்குக்குக் கொண்டுசேர்க்கிறது. இங்கே குடத்தின் வேலையை ஸ்டாண்டின் மெல்லிய பலகைகள் செய்துவிடுகின்றன. டிஸ்குக்கும் பலகைக்கும் நடுவே மெத்தென்ற ஸ்பாஞ்சுத் துண்டு ஒன்றை வைத்தால் அதிர்வு போகும் பாதை அறுந்துவிடும். கணினிக்குள் சின்னதாக ஓர் எஸ்எஸ்டி மட்டும் வைத்துவிட்டு, படங்கள் நிறைந்த டிஸ்கை ரவுட்டர் இருக்கும் அறையிலேயே இணைத்து நெட்வொர்க் கேபிள் வழியாகப் பார்ப்பது அதைவிடச் சிறந்தது. கேபிளின் இரு முனையும் கிகாபிட் வேகம் உள்ளதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 4கே புளூரேயின் உச்ச அளவு விநாடிக்கு 128 மெகாபிட். பழைய 100 மெகாபிட் போர்ட்டில் அது தடுக்கும்.

மென்பொருளுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காகத் தன்னார்வலர்கள் எழுதத் தொடங்கி, 2014இல் கோடி என்று பெயர் மாற்றப்பட்ட இலவச மென்பொருள் இன்றும் நன்றாக வளர்கிறது. லிப்ரஎலெக் என்ற சிறிய லினக்ஸைப் போட்டால் கணினி நேராகக் கோடியிலேயே விழிக்கும். அமைப்பில் ஒன்றை மட்டும் மறக்காமல் மாற்றுங்கள்: படத்தின் வேகத்துக்கு ஏற்ப டிவியின் புதுப்பிப்பு வேகத்தையும் மாற்றும் வசதி. சினிமா விநாடிக்கு 24 சட்டகம். டிவி 60இல் நின்றால் ஒரு சட்டகத்தை மூன்று முறையும் அடுத்ததை இரண்டு முறையுமாகக் காட்ட வேண்டிவரும். கேமரா மெல்ல நகரும் காட்சிகளில் அந்தத் தடுமாற்றம் தெரியும்.

ஓடிடி மட்டுமே பார்ப்பவர்களிடம் நான் இந்தக் கணினியைச் சொல்லவே மாட்டேன். பல ஓடிடி நிறுவனங்கள் உரிமப் பாதுகாப்புச் சான்று பெற்ற கருவிகளுக்குத்தான் முழுத் தரத்தை அனுப்புகின்றன. கணினியின் பிரவுசருக்குத் தரத்தைக் குறைத்துவிடுகின்றன. அவர்களுக்கு டிவியின் பின்னால் செருகும் ஸ்டிக் போதும், அதில் விசிறியும் இல்லை. சொந்தமாக டிஸ்குகளும் கோப்புகளும் சேர்த்துவைத்திருப்பவருக்கும், பழைய படங்களைத் தேடித் தேடிச் சேகரிப்பவருக்கும், வீட்டு விழா வீடியோக்களைப் பெரிய திரையில் பார்க்க விரும்புபவருக்கும்தான் இந்த உழைப்பு பலன் தரும்.

அலுவலகத்திலிருந்து வந்த பழைய பெட்டி என்றால் முதல் நாளே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பிராசஸரின் மேல் உள்ள ஹீட்சிங்கைக் கழற்றுங்கள். ஐந்தாறு வருடம் உழைத்த தெர்மல் பேஸ்ட் பெரும்பாலும் காய்ந்து, விபூதிபோல் உதிரும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் துடைத்துவிட்டு, துவரம்பருப்பு அளவு புதிய பேஸ்ட்டை நடுவில் வைத்து ஹீட்சிங்கை மேலிருந்து நேராக அழுத்துங்கள், அதுவே பரவிக்கொள்ளும். அதிகம் வைத்தால் குளிர்ச்சி கூடாது, ஓரத்தில் வழியும். தகடுகளுக்கு இடையில் அடைந்திருக்கும் தூசியைப் புளோயரால் ஊதும்போது விசிறியை ஒரு விரலால் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். தறிகெட்டுச் சுற்றவிட்டால் பேரிங் கெடும், நாளைய கீச்சொலிக்கு இன்றே விதை போட்டதாகும். நம் ஊர்த் தூசிக்கு இந்த ஊதலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, தெருவைப் பார்த்த வீடு என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்யலாம். பேஸ்ட்டை மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.